பழுதான டிஸ்க்கில் செக்டிஸ்க் வேண்டாம்

ஐயா,

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து ஸ்டுடியோக்களில் ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்தால் உடனே செக்டிஸ்க் (விண்டோஸில் டிஸ்க்கைச் சோதிக்கும் நிரல்) ஓட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது கெட்ட செக்டாரை (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதியை) ஒதுக்கிவைக்கும். அதிலிருந்த கல்யாணப் படத்தை முழுசாகத் திருப்பித் தராது. தேய்ந்த டிஸ்க்கை மணிக்கணக்கில் படிக்கவைத்து மேலும் கெடுக்கவும் செய்யும்.

முதலில் ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) 197 என்ற எண்ணுள்ள வரியைப் பாருங்கள். படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்களின் எண்ணிக்கை அது. பூஜ்யம் இல்லையென்றால், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரல் கொண்டு வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். எதுவரை நகலானது என்று அது குறித்துவைக்கும் மேப் ஃபைலை மூன்றாவது இடத்தில் வையுங்கள். நம் ஊரில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் சுற்றில் நல்ல பகுதி, பிறகு அடம்பிடிக்கும் செக்டாருக்கு 3 முயற்சி. செக்டிஸ்க் நகலில் மட்டும்.

'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஹெட் (டிஸ்க்கைப் படிக்கும் முனை) பழுதாக இருக்கலாம்; அதற்கு மென்பொருள் மருந்தில்லை.

- கணினிப் பழுதுநீக்குவோர், தஞ்சாவூர்