சிறப்பு விருந்தினர் வேண்டாம், சுக்குக் காப்பி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களின் மன அழுத்தம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பொறியியல் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில் பதினோரு வருடம் உதவி வார்டனாக இருந்தவள் என்ற முறையில் சில வார்த்தைகள்.

மன அழுத்த மேலாண்மை என்று எங்கள் கல்லூரியில் வருடாவருடம் ஒரு நிகழ்ச்சி நடக்கும். குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, வாழ்த்துரைகள் முடியவே மணி பதினொன்றரை ஆகிவிடும். அப்புறம் சிறப்பு விருந்தினர் பவர்பாயின்ட் போட்டு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார். வராதவர்களுக்கு அட்டெண்டன்ஸ் போகும். மறுநாள் இன்டர்னல் டெஸ்ட் என்பதால் பிள்ளைகள் மடியில் நோட்டை வைத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். அரங்கிலேயே அழுத்தம் இல்லாமல் இருப்பவர் அந்த விருந்தினர் ஒருவர்தான்.

ஒரு நவம்பரில் செமஸ்டர் தேர்வு நேரம். நல்ல மழை, கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் பழுது. இருட்டில் உட்காரப் பயந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக மெஸ்ஸுக்கு இறங்கி வந்தார்கள். மெஸ் மாஸ்டர் சுக்குக் காப்பி போட்டார். யாரோ சாக்பீஸால் தரையில் தாயக்கட்டம் வரைய, இன்னொருத்தி புளியங்கொட்டை கேட்டு வாங்கி, ஒரு பக்கம் தேய்த்துக் கொண்டுவந்தாள். இரண்டு மாதமாக ரூம்மேட்டைத் தவிர யாரிடமும் வாய் திறக்காத முதலாண்டுப் பெண் ஒருத்தி, ஃபைனல் இயர் அக்காக்களின் காய்களை வெட்டி வெட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். கரண்ட் வந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு தேர்வுக் காலத்திலும் இரவு ஒன்பதரையிலிருந்து பத்து வரை மெஸ்ஸைத் திறந்து வைத்தோம். மைக் கிடையாது, வருகைப் பதிவும் கிடையாது. காப்பிச் செலவை மெஸ் பில்லில் சேர்க்க மெஸ் கமிட்டிப் பிள்ளைகளே ஒத்துக்கொண்டார்கள். (இதற்கும் பேனர் அடித்துத் தொடக்க விழா வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. எப்படியோ தட்டிக்கழித்தேன்.) ஆண்கள் விடுதிப் பிள்ளைகளுக்கு மனசு சரியில்லை என்றால் தெருமுனை டீக்கடை இருக்கிறது. ஆறரைக்கே கேட்டைப் பூட்டிவிடும் பெண்கள் விடுதியில் அதற்கும் வழியில்லை.

இதில் நான் எதிர்பார்க்காத பலன் ஒன்று உண்டு. யார் வந்தார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பது தெரிய ஆரம்பித்தது. “மேடம், அந்த ரூம் பொண்ணு மூணு நாளா காணோம்” என்று பிள்ளைகளே வந்து சொல்வார்கள். அறைக்குப் போய்ப் பார்த்தால் காய்ச்சலாக இருக்கும், அரியர் பயமாக இருக்கும், சில சமயம் வீட்டுப் பிரச்சினையாக இருக்கும்.

சென்னை ஐஐடியில் காவிரி, நர்மதா என்று ஆற்றுப் பெயர் கொண்ட விடுதிகளுக்கிடையே போட்டிகள் நடக்கின்றன. விளையாட்டுக்கு ஷ்ரோட்டர், கலை இலக்கியத்துக்கு லிட்சாக். வெளியே அதிகம் தெரிவது ஜனவரி மாதம் நடக்கும் சாரங் கலை விழாதான். விடுதிப் பாசம் வளர்வது இந்தப் போட்டிகளில் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கேயும் மாணவர்களைப் பறிகொடுத்திருக்கிறார்கள். காப்பியும் தாயமும் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், உதவி எண்களை விடுதியில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. சமீபத்தில் பழைய விடுதிக்குப் போனபோது, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸின் எண் 14416 ஒட்டப்பட்டிருந்ததைப் பார்த்தேன். வார்டன் அறைக்குள், பீரோ பக்கத்தில்! திட்டு வாங்க மட்டுமே பிள்ளைகள் வரும் அறை அது. காலையில் வெந்நீருக்கு வாளியோடு வரிசையில் நிற்கிறார்களே, அந்தச் சுவரில் ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மற்ற விடுதிகளும் செய்யலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி வார்டன்,
கோயம்புத்தூர்