பேனர் வைக்கிற அண்ணன் தம்பிங்களுக்கு ஒரு திறந்த மடல்

மன்றத்து நண்பர்களுக்கும் கட்சிக்கார அண்ணன்களுக்கும் விசேஷ வீட்டுக்காரங்களுக்கும் வணக்கம்.

காதணி விழாவுல இருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் பிளெக்ஸ் வைக்கிறீங்க, நல்லது கெட்டதை ஊருக்கே தெரியப்படுத்தணும்ங்கிற ஆசை எனக்கும் புரியுது, அதை குறை சொல்ல வரல, அந்த ஷீட்டைப் பத்தி மட்டும் பேசணும்.

அது பிவிசிங்கிற ஒரு வகை பிளாஸ்டிக். உங்க வீட்டு போர் பைப்பு, கரண்ட் வயர் மேல இருக்கிற உறை, ஆஸ்பத்திரியில ரத்தம் வைக்கிற பை எல்லாம் அதேதான். பிவிசியே வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன், இரும்பு பைப்புல துருத்தண்ணி புடிச்சவங்களுக்கு இதோட அருமை தெரியும், துருப்பிடிக்காது, வெலையும் கம்மி, மண்ணுக்குள்ள புதைச்சா பல வருஷம் அசையாம கெடக்கும்.

ஆனா ரெண்டு நாள் விசேஷத்துக்கு அதே சரக்கு எதுக்குங்க? ஒரு பிளெக்ஸை கிழிச்சுப் பாருங்க, நடுவுல பாலியஸ்டர் நூல் வலை, ரெண்டு பக்கமும் பிவிசி, பிரிக்கவே வராது, பழைய பேப்பர் கடையில கூட எடுத்துக்க மாட்டாங்க. வளையறதுக்காக தாலேட்னு ஒரு ரசாயனம் சேர்க்கிறாங்க, வெயில்ல காய காய அது கொஞ்சம் கொஞ்சமா வெளியேறி ஷீட் மொடமொடன்னு ஆகி உதிர ஆரம்பிச்சிடும், மாட்டுக்கொட்டகை மேல போட்டவங்க வீட்டுல பாருங்க, கடைசியில நூல்தான் தொங்கும். அதுலயே நெல்லும் வத்தலும் காயப்போடுறதைப் பார்த்தா வயித்தைக் கலக்குது.

இதைவிட மோசம் எரிக்கிறது. பிவிசி எடையில பாதிக்கு மேல குளோரின், கொளுத்துனா அமிலப் புகையா வந்து கண்ணும் தொண்டையும் எரியும், கூடவே டையாக்சினும் வரும், அது புற்றுநோய் வரவைக்கிற விஷம். அந்தப் புகையை முதல்ல சுவாசிக்கிறது குப்பை மேட்டுல வேலை செய்ற தூய்மைப் பணியாளர் அக்காங்கதான்.

2022 ஜூலை 1ல இருந்து 100 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு) தடிமனுக்கு கம்மியான பிவிசி பேனருக்கு நாடு முழுக்க தடை இருக்கு, ஆனா தெருவுல நிக்கிற பிளெக்ஸ் பெரும்பாலும் அதைவிட தடிமன், அதனால தப்பிச்சிடுது. கேரளா 2019லயே பிவிசி பிளெக்ஸை மொத்தமா தடை பண்ணிடுச்சு, அங்க விசேஷம் ஒண்ணும் நின்னு போகல.

அதனால அடுத்த தடவை ஆர்டர் கொடுக்கும்போது காட்டன் துணியில பிரிண்ட் கேளுங்க, வெல கொஞ்சம் கூடத்தான் ஆகும், பத்து பேனர் வைக்கிற எடத்துல ரெண்டு வைங்க. ஏற்கனவே இருக்கிறதை தயவுசெஞ்சு யாரும் கொளுத்தாதீங்க, கழட்டி சுருட்டி பேரூராட்சி வண்டியில தனியா கொடுத்துடுங்க.