ஒரு தேதி வாங்கிக் கொடுங்கள்: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல்

30 மார்ச் 2025

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

மார்ச் 25 அன்று மக்களவைக் கேள்வி நேரத்தில் நூறு நாள் வேலைக் கூலி பற்றி நடந்ததை நீங்கள் அவையில் இருந்து பார்த்தீர்கள். நான் கடையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். கேரள உறுப்பினர் ஒருவர் தம் மாநிலத்துக்கு வர வேண்டிய பாக்கியைப் பற்றிக் கேட்டார். ஊரக வளர்ச்சித் துறை இணையமைச்சர் சந்திரசேகர் பெம்மசானி பதில் சொல்ல எழுந்தவர், தமிழ்நாட்டையும் பேச்சில் இழுத்தார். ஏழு கோடி மக்கள் உள்ள தமிழ்நாட்டுக்கு 10,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறோம், இருபது கோடி மக்கள் உள்ள உத்தரப் பிரதேசத்துக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் போயிருக்கிறது என்றார். உங்களில் பலர் கொதித்து எழுந்து அவையின் மையப் பகுதிக்குப் போனீர்கள். முழக்கம் எழுந்தது. அவை ஒத்திவைக்கப்பட்டது. நேற்று, 29 ஆம் தேதி, மாநிலம் முழுக்க ஆர்ப்பாட்டமும் நடந்து முடிந்தது.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இத்தனைக்கும் பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்கிற கேள்வி அப்படியே நிற்கிறது. "பணம் எப்ப ஏறும்?"

இந்த மடலில் நான் கேட்கப்போவதும் அது ஒன்றைத்தான். கூலி எந்தத் தேதியில் வரும் என்று அமைச்சரை அவையில் சொல்ல வையுங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் சின்னதாக இ-சேவைக் கடை வைத்திருக்கிறேன். சாதிச் சான்று, பட்டா நகல், மின் கட்டணம் இவற்றோடு கைரேகை வைத்து வங்கிக் கணக்கில் இருந்து பணம் எடுத்துத் தருகிற வேலையும் உண்டு. அதனால் யார் கணக்கில் கூலி ஏறியிருக்கிறது, யார் கணக்கில் ஏறவில்லை என்பது அவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். நவம்பர் கடைசியில் இருந்து எங்கள் ஊரில் யாருக்கும் ஏறவில்லை.

ஏரி வேலை பார்த்த கைகளில் ரேகை தேய்ந்து போயிருக்கும். கட்டை விரலை வைத்தால் மெஷின் எடுக்காது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள், அப்புறம் அடுத்த விரல், அப்புறம் அடுத்த கை. ஏழெட்டு முறை முயன்ற பிறகு ஒரு வழியாகப் பச்சை விளக்கு எரியும். வெளியே வருகிற துண்டுச் சீட்டில் போன வாரம் இருந்த அதே மீதி இருக்கும். படிக்கத் தெரியாதவர்கள் சீட்டைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

பாக்கி என்றால் உங்களுக்குக் கோடிகளில்தான் சொல்வார்கள். ஜனவரி 13 அன்று முதலமைச்சர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் கூலிப் பாக்கி 1,056 கோடி. நேற்றைய ஆர்ப்பாட்டத்தில் ஒலித்த மொத்தப் பாக்கி 4,034 கோடி. எங்கள் தெருவில் அது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். இங்கே பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடன் வாங்கியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள், வசூலுக்கு ஆள் வருவார். ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் யாரும் எழுந்து போக முடியாது. மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், அதுதான் குழுவின் விதி. முன்பெல்லாம் ஒருத்திக்கு முடியாத வாரத்தில் இன்னொருத்தி கொடுத்து உதவுவாள். இப்போது குழுவில் இருக்கிற அத்தனை பேரும் அதே ஏரியில் மண் வெட்டியவர்கள். அத்தனை பேருக்கும் கூலி வரவில்லை. யாருக்காக யார் போடுவது?

போன மாதம் அப்படி ஒரு நாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர்கள் மதியம் வரை எழவில்லை. வசூலுக்கு வந்த பையனும் எழவில்லை, அவனுக்கும் மேலே பதில் சொல்ல வேண்டும். கடைசியில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு பித்தளைக் குடங்களைக் கொண்டுவந்து வைத்து, யாராவது எடுத்துக்கொண்டு தவணையைக் கட்டுங்கள் என்றார். அந்தக் கூட்டத்தில் குடத்தை வாங்கவும் யாரிடமும் பணம் இல்லை. அவருடைய மகன் வெளியூரில் இருந்து கூகுள் பே செய்த பிறகுதான் எல்லாரும் கலைந்தார்கள். அந்த அம்மாவுக்கு அரசு தர வேண்டிய கூலி அவர் கட்ட வேண்டிய தவணையைவிடப் பல மடங்கு அதிகம். கொடுக்க வேண்டியவர் கொடுக்காததால், உழைத்தவர் திண்ணையில் தலைகுனிந்து உட்கார வேண்டியிருக்கிறது.

நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள் என்பது உங்களுக்கே தெரியும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று பணிதளப் பொறுப்பாளர் செயலியில் போட்டோ எடுத்தால்தான் அவர்களுக்கு அன்றைய வருகை பதிவாகும். சிக்னல் கிடைக்காமல் ஒரு போட்டோ ஏறாவிட்டாலும் கூலி சிக்கலாகும். ஆதாரும் வங்கிக் கணக்கும் சரியாக இணையவில்லை என்றாலும் கூலி இல்லை, 2024 ஜனவரியில் இருந்து அது கட்டாயம். தொழிலாளியிடம் இத்தனை ஒழுங்கைக் கேட்கிற அரசு, கூலி தருவதற்குத் தன் சட்டமே வைத்த கெடுவை மட்டும் மதிக்கவில்லை. 2005 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினைந்து நாளுக்குள் கூலி வர வேண்டும். தவறினால் பதினாறாம் நாளில் இருந்து, நாளுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. ஒரு நாள் கூலி 319 ரூபாய்க்கு அது 16 காசு. அதையும் மாநிலம் ஆவணம் தயாரித்து அனுப்புகிற வரை ஆன தாமதத்துக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதற்குப் பிறகு டெல்லியில் ஆகிற தாமதம் கணக்கில் வருவதில்லை. தாமதம் எந்தக் கட்டத்தில் நடந்தாலும் தொழிலாளி அதற்குப் பலியாகக் கூடாது என்று 2018 இல் உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் நிலைமை இதுதான்.

இப்போது அமைச்சரின் பதிலுக்கு வருகிறேன். உத்தரப் பிரதேசத்தில் எத்தனை கோடிப் பேர் இருக்கிறார்கள் என்பது இதில் எங்கே வருகிறது? இது தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுக்கிற திட்டம் இல்லை. கிராமத்தில் வேலை கேட்டவருக்கு வேலை கொடுக்க வேண்டும், செய்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். வேலை செய்தவர் வந்து கூலி கேட்டால், பக்கத்து ஊர்க்காரனுக்கு எவ்வளவு கொடுத்தேன் தெரியுமா என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

என் வருத்தம் இந்தப் பதிலோடு முடியவில்லை, அதனால்தான் அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அந்தப் பதிலைக் கேட்டவுடன் துணைக் கேள்வி ஒன்று பாய்ந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இருந்து வந்த கூலி ஆவணங்களில் எந்தத் தேதி வரைக்கும் உள்ளவற்றுக்குப் பணம் விடுவித்திருக்கிறீர்கள்? மீதி எந்தத் தேதியில் வரும்? புதிய நிதியாண்டுக்கும் போன ஆண்டைப் போலவே 86,000 கோடிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதில் பழைய பாக்கிக்கு எவ்வளவு போகும், மிச்சத்தில் எத்தனை நாள் வேலை தர முடியும்? இவற்றைக் கேட்டிருந்தால் அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அது அவைக் குறிப்பிலும் ஏறியிருக்கும். முழக்கம் எழுந்ததும் அமைச்சர் உட்கார்ந்துவிட்டார். பதில் சொல்ல வேண்டிய கடமையில் இருந்து அவரை விடுவித்தது அந்த முழக்கம்தான். இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும், ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களை நேரில் பார்த்தவன் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கேள்வி நேரத்தின் மதிப்பை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி அதை ரத்து செய்தபோது, ஜனநாயகத்தின் கழுத்தை நெரிக்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் சொன்னது சரி. 1957 இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளில் போடப்பட்டதை நாடாளுமன்றத்தில் தோண்டித் துருவியவர் ஃபெரோஸ் காந்தி. அவரே ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். விடாமல் கேட்டதால் நீதிபதி சாக்ளா விசாரணை ஆணையம் வந்தது. அடுத்த ஆண்டு, நம் ஊர்க்காரரான நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது. ஒரு கேள்விக்கு அவ்வளவு வலு இருந்தது. ஆனால் 2023 மார்ச்சில் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட் செலவினங்கள் விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் நிறைவேறின. அரசு தரப்பு, எதிர்த் தரப்பு என்று இரண்டு பக்கமும் அமளி, கடைசியில் எல்லாம் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்பட்டுவிட்டது. எந்தத் துறைக்கு எவ்வளவு, ஏன் என்று ஒருவரும் கேட்காமல் போன அந்தப் பணத்தில்தான் எங்கள் ஏரியும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. அமளி யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள். பதில் சொல்ல வேண்டியவருக்குத்தானே?

இன்னொரு பயமும் இருக்கிறது. மேற்கு வங்கத்துக்கு முறைகேட்டைக் காரணம் காட்டி 2022 மார்ச்சில் இந்தத் திட்டத்தின் நிதியை நிறுத்தினார்கள். மூன்று ஆண்டு ஓடிவிட்டது. அங்கே யார் தப்பு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மண் சுமந்த பெண் தப்பு செய்யவில்லை என்பது மட்டும் தெரியும். நம் பாக்கியும் அப்படி ஆண்டுக்கணக்கில் பேசப்படுகிற விஷயமாகிவிடக் கூடாது.

கூட்டத்தொடர் ஏப்ரல் 4 அன்று முடிகிறது. அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்வியைப் புதிதாகக் கொடுப்பதற்கு இனி நேரமில்லை, அதற்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆனால் வேறு வழிகள் இருப்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கொடுத்த பதில் போதவில்லை என்றால் அரை மணி நேர விவாதம் கேட்க விதி இருக்கிறது, அதற்கு மூன்று நாள் முன்னறிவிப்பு போதும். அன்றைக்குக் காலையில் எழுதிக் கொடுத்தால் அவசரப் பிரச்சினைகளை எழுப்புகிற பூஜ்ஜிய நேரத்தில் பேசலாம். மக்களவையின் 377 ஆம் விதியின் கீழ் எழுப்பினால் துறையிடம் இருந்து எழுத்தில் பதில் வரும். மக்களவையில் நீங்கள் 39 பேர், அத்தனை பேரும் ஒரே அணி. மாநிலங்களவையில் 18 பேர், அங்கே எந்தக் கட்சியாக இருந்தாலும் கூலி வாங்க வேண்டிய பெண் உங்கள் மாநிலத்துக்காரர்தான். ஒவ்வொருவரும் வேறு வேறு பேச வேண்டாம். எல்லாரும் இந்த ஒரே கேள்வியை, ஒரே சொற்களில் கேளுங்கள். எந்தத் தேதி?

அமைச்சர் தேதி சொல்லிவிட்டால் நல்லது. "விரைவில்", "பரிசீலிக்கிறோம்" என்று இழுத்தாலும் விட்டுவிடாதீர்கள். பரிசீலிக்கிறோம் என்பதும் அவையில் தந்த உறுதிமொழிதான், மூன்று மாதத்தில் நிறைவேற்றியாக வேண்டும். அதைக் கண்காணிக்கவே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அந்தக் குழுவுக்கு எழுதுங்கள், எழுதியதன் நகலை வெளியிடுங்கள். தமிழிலும் வெளியிடுங்கள். நாங்கள் படித்துப் பார்த்து எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணிக்கொண்டிருப்போம்.

ஏப்ரல் 1 முதல் தினக்கூலி 319 இல் இருந்து 336 ஆகிறது என்று அறிவிப்பு வந்திருக்கிறது. கடையில் ஒரு அக்காவிடம் சொன்னேன். "ஏத்தினது இருக்கட்டும் தம்பி, ஏற வேண்டியது எப்ப ஏறும்னு கேட்டுச் சொல்லு" என்றார். எனக்குக் கேட்பதற்கு இடம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது, அந்த இடத்துக்கு உங்களை அனுப்பியது அந்த அக்காவின் ஓட்டும்தான்.

கோபத்தில் எங்காவது அளவு மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு விடுமுறை, செவ்வாய்க்கிழமை அவை கூடும். அன்று காலையே தயவுசெய்து அந்தக் கேள்வியை எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்து ஒரு இ-சேவைக் கடைக்காரன்