பயோ படித்த மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னால் "சரியம்மா, சரியம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தாவரவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு கணினி விஞ்ஞானத்தில் முதுமாணி செய்யப் போகிறாய் என்றதும், ஆய்வுகூட வேலை போய்விடுமே என்று அப்பாவுக்கு யோசனை. எனக்கு உன் கணிதத்தில்தான் கண். ஏ.எல்லில் (உயர்தரத்தில்) நீ பயோ, உயிரியல் பிரிவு. இணைந்த கணிதம் உனக்கு இல்லை.

பைதன் என்ற கணினி மொழியைப் படித்துவிட்டதாகச் சொன்னாய். நல்லது, ஆனால் வகுப்பில் உன்னைத் தடுக்கப் போவது பைதன் இல்லை. ஒரு அல்கொரிதம், அதாவது ஒரு கணக்கைத் தீர்க்கும் படிமுறை, சரியென்று நிறுவத் தொகுத்தறி முறை (இண்டக்‌ஷன்) வேண்டும், எத்தனை வழி என்று எண்ண வரிசைமாற்றமும் சேர்மானமும் வேண்டும். மடக்கையும் (லொக்) வேண்டும், அது உனக்குப் புதிதல்ல, பிஎச் கணக்கில் போட்டதுதான். அகரவரிசையில் அடுக்கிய பத்து லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேடுகிறாய் என்று வை. ஒவ்வொரு தடவையும் நடுப்பெயரைப் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிட்டால் 20 தடவைக்குள் ஆள் அகப்படுவான். ஏன் 20? எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு, திருத்தித் தருகிறேன். (ஓய்வு பெற்றாலும் சிவப்புப் பேனையை நான் இன்னும் விடவில்லை.)

விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதே. இங்கிலாந்தில் 'அட்வான்ஸ்ட் கம்ப்யூட்டர் சயன்ஸ்' என்றால் பெரும்பாலும் ஏற்கெனவே கணினி படித்தவர்களுக்கு. உன்னைப் போன்றவர்களுக்கு 'கன்வர்ஷன்' என்று தனியாக இருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எம்.சி.ஐ.டி. என்ற கணினி முதுமாணி வேறு துறையில் இருந்து வருபவர்களுக்கென்றே வைத்தது, 2019 முதல் ஒன்லைனிலும் நடக்கிறது. ஜோர்ஜியா டெக் 2014இல் தொடங்கிய ஒன்லைன் முதுமாணி செலவு குறைவுதான். ஆனால் அடிப்படை தெரிந்தவர்களை எதிர்பார்த்து நடத்துவது, அதை இப்போதைக்குத் தள்ளி வை. இலங்கையிலேயே செய்வதானால், பட்டங்களைத் தரம் பிரிக்கும் தேசியச் சட்டகத்தில் (எஸ்.எல்.கியூ.எஃப்.) அது எந்த மட்டம் என்று கேள். 9ஆம் மட்டம் 30 கிரெடிட், பாடநெறி மட்டும். 10ஆம் மட்டம் 60 கிரெடிட், ஆய்வும் சேர்ந்தது. பிறகு கலாநிதிப் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் இரண்டாவதுதான் உதவும்.

விண்ணப்பக் கடிதத்தில் தாவரவியலை ஒரு மூலைக்குள் ஒதுக்கியிருந்தாய். எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு புரத வரிசைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முறையை நீடில்மன், வுன்ஷ் என்ற இருவர் 1970இல் வெளியிட்டார்கள். பெரிய கணக்கைச் சிறு கணக்குகளாகப் பிரித்து, அவற்றின் விடைகளை வைத்துக்கொண்டே தீர்ப்பதை அல்கொரிதம் வகுப்பில் 'டைனமிக் புரோகிராமிங்' என்று படிப்பிப்பதற்கு அதுவும் நல்ல உதாரணம். வரிசை ஒப்பிடுவது உன் ஆய்வுகூடத்தில் தினமும் நடக்கிற வேலைதானே? அதைக் கடிதத்தின் முதல் பந்தியில் எழுது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படித்த என் பழைய மாணவி ஒருத்தி உப்புவெளியில் இருக்கிறாள். அவளுடைய டிஸ்கிரீட் மெத்ஸ் நோட்ஸை (மேலே சொன்ன தொகுத்தறி முறையும் எண்ணும் கணக்கும் வரும் பாடம்) உனக்காக வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள், முதல் இரண்டு பாடமும் இருந்து செய்துவிட்டே போகலாம். அனுமதி கைக்கு வரும்வரை வேலையை விடாதே. காசு விஷயம் அப்பாவோடு நான் கதைக்கிறேன். பஸ்ஸில் நெரிபடாமல் இரவு ரயிலுக்கு இப்போதே சீட் போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா
திருகோணமலை