"இன்று கொழும்பில் மழை" எண்டு மட்டும் போடாதேங்கோ: தமிழ்ச் செய்திப்பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கொழும்பில இருந்து தமிழில செய்தி தாற வானொலி, ரீவி, பத்திரிகை, யூடியூப் சனல் எல்லாத்தின்ர செய்திப்பிரிவுக்கும்தான் இதை எழுதுறன். வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு எழுதலாமே எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொன்னவை. ஆனா சனம் திணைக்களத்தின்ர அறிக்கையை நேரா எடுத்து வாசிக்கிறது குறைவு, உங்களிட்ட இருந்துதான் கேக்குது, அதால உங்களிட்டத்தான் கேக்க வேண்டிக்கிடக்கு.

பௌத்தாலோக மாவத்தையில இருக்கிற திணைக்களத்தில இருந்து வாற அறிக்கையில பெரும்பாலும் என்ன இருக்கும்? மேல் மாகாணத்தில சில இடங்களில மாலையிலோ இரவிலோ இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும், இந்த மாதிரி. அது உங்கட திரைக்கு வரேக்க "இன்று கொழும்பில் மழை" எண்டு ஆகிப்போகுது. சில இடங்களில எண்டது போச்சு, எப்ப எண்டது போச்சு, கூடும் எண்டதும் போச்சு. பின்னேரம் வெள்ளவத்தையில நல்லா வெயில் எறிச்சா, "இவங்களுக்கு ஒண்டும் தெரியாது" எண்டு வாட்ஸப் குறூப்பெல்லாம் திணைக்களத்துக்குப் பேச்சு விழுகுது, ஆனா அதே நேரம் கடுவெலப் பக்கம் நல்ல மழை பெய்திருக்கும். நீங்கள் இடம் காணாது எண்டு வெட்டிற அந்த மூண்டு துண்டும்தான் வானிலை சொல்லச் செய்யிற பெரிய கணக்கின்ர விடை. மிச்சமா நிக்கிறது விடையில்லை.

நான் ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிற ஆள். அதாலதான் இது எனக்கு இவ்வளவு உறைக்குது.

1904 இல நோர்வேயைச் சேர்ந்த விஞ்ஞானி வில்ஹெல்ம் பியர்க்னெஸ் ஒரு விசயத்தைத் தெளிவாச் சொன்னார்: இந்த நிமிசம் வளிமண்டலம் எப்பிடி இருக்கு எண்டு சரியாத் தெரிஞ்சா, அது எப்பிடி மாறும் எண்ட பௌதிக விதிகளும் தெரிஞ்சா, நாளைக்கு என்ன நடக்கும் எண்டு கணக்காவே செய்யலாம். அமுக்கம், வெப்பநிலை, அடர்த்தி, ஈரப்பதன், காற்றின்ர வேகத்தின்ர மூண்டு கூறுகள், ஆக ஏழு கணியம். நியூட்டனின்ர இயக்க விதி, திணிவு காக்கப்படுறது, வாயுச் சமன்பாடு, வெப்பவியக்க விதிகள், இதுகளில இருந்து ஏழு சமன்பாடு. ஏ.எல். பிள்ளைக்கு இதில பாதி ஏற்கனவே தெரியும். தெரியாதது என்னெண்டா, அந்த வகையீட்டுச் சமன்பாடுகளைத் தாளில தீர்க்க ஏலாது, எண்களைப் போட்டு சின்னச் சின்ன நேரப்படியா முன்னுக்கு நகர்த்தத்தான் ஏலும் எண்டது.

அதைக் கையால செய்து பார்த்த மனிசன் லூயிஸ் ஃப்ரை ரிச்சட்சன். முதலாம் உலகப் போர் நேரம் பிரான்சில அம்புலன்ஸ் ஓடிக்கொண்டு, ஓய்வு கிடைக்கிற நேரத்தில, 1910 மே 20ஆம் திகதி மத்திய ஐரோப்பாவில அமுக்கம் 6 மணித்தியாலத்தில எவ்வளவு மாறும் எண்டு கணக்குப் பார்த்தவர். இடையில அந்தக் கையெழுத்துப் பிரதி துலைஞ்சு போய் கன மாதத்துக்குப் பிறகு பெல்ஜியத்தில ஒரு கரிக்குவியலுக்குக் கீழ கிடந்து கிடைச்சது. அவருக்கு வந்த விடை 145 ஹெக்டோபாஸ்கல் (அமுக்கத்தை அளக்கிற அலகு). உலகத்தில பதிவான ஆகப் பலமான சூறாவளி எண்டு சொல்லுற 1979 ரிப் புயலின்ர நடுவில கூட சாதாரண அமுக்கத்தில இருந்து வித்தியாசம் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆனா அண்டைக்கு அங்க உண்மையில அமுக்கம் பெரிசா அசையவே இல்லை. அந்தப் பிழையான விடையை அவர் மறைக்கேல்லை, 1922 இல வந்த தன்ர புத்தகத்தில அப்பிடியே போட்டவர். சமன்பாடு பிழையில்லை, தொடக்கத்தில குடுத்த காற்றும் அமுக்கமும் ஒண்டோட ஒண்டு பொருந்தாததுதான் காரணம் எண்டும், அதைச் சீராக்கிப் போட்டா அதே கணக்கு நியாயமான விடை தரும் எண்டும் பிறகு செய்து காட்டினவை. பிழை எவ்வளவு எண்டதைச் சேத்தே சொல்லுறது இந்தத் துறையின்ர பிறவிக்குணம், அதை நீங்கள் செய்தியில இருந்து எடுத்துப் போடுறதுதான் என்ர மனவருத்தம்.

1950 இல எனியாக் எண்ட கொம்பியூட்டரில சார்னியும் ஃபொன் நொய்மனும் ஆக்களும் முதல் முதலா 24 மணித்தியால முன்னறிவிப்புச் செய்தவை, அதைச் செய்து முடிக்கவும் கிட்டத்தட்ட 24 மணித்தியாலம் போனது. இண்டைக்கு அது எங்கட போனிலயே ஓடும். ஆனா கொம்பியூட்டர் எவ்வளவு பெருத்தாலும் தீராத ஒரு விசயம் இருக்கு, அதை 1961 இல அமெரிக்க வானிலை விஞ்ஞானி எட்வட் லொரன்ஸ் கண்டவர். முதல் ஓட்டின கணக்கை நடுவில இருந்து திரும்ப ஓட்ட 0.506127 எண்ட எண்ணுக்குப் பதிலா அச்சில இருந்த 0.506 ஐக் குடுத்தார். அவ்வளவுதான் வித்தியாசம். கொஞ்ச நேரம் ரெண்டும் ஒண்டாப் போச்சு, பிறகு ஒண்டுக்கொண்டு சம்பந்தமே இல்லாமப் பிரிஞ்சு போச்சு. இப்ப யோசிச்சுப் பாருங்கோ, செய்மதி, பலூன், கப்பல், விமானம் எல்லாத்தாலயும் அளந்தாலும் இந்துசமுத்திரத்துக்கு மேல இருக்கிற காற்றை ஆறு தசமதானத்துக்கு ஆர் அளக்கிறது? தொடக்கத்தில இருக்கிற அந்தச் சின்னப் பிழை வளரத்தான் செய்யும், ரெண்டு கிழமைக்கு அங்கால நாள் குறிச்சு வானிலை சொல்ல ஏலாது எண்டு சொல்லுறது இதாலதான்.

அடுத்தது பெட்டி. வானிலையைக் கணிக்கிற கொம்பியூட்டர் மொடல் பூமியைப் பெட்டி பெட்டியாப் பிரிச்சுத்தான் கணக்குப் பார்க்கும். உலகத்திலயே நல்லது எண்டு பேர் வாங்கின ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின்ர (ECMWF) மொடலில ஒரு பெட்டி கிட்டத்தட்ட 9 கிலோமீற்றர். அதுக்குள்ள வெள்ளவத்தையும் கோட்டையும் ஒண்டா அடங்கிப்போம். ஏப்ரலிலயும் ஒக்டோபரிலயும் கடற்காற்று உள்ளுக்கு வந்து முட்டேக்க பின்னேரத்தில எழும்புற இடிமுகில் ஒண்டு ஒரு சில கிலோமீற்றர்தான், பம்பலப்பிட்டியில குடை பிடிச்சுக்கொண்டு நிப்பம், தெஹிவளையில றோட்டுக் காய்ஞ்சு கிடக்கும். பெட்டியைச் சின்னனாக்கலாமே எண்டு கேப்பீங்கள். பக்கத்தைப் பாதியாக்கினா பெட்டிகள் நாலு மடங்காகும், நேரப்படியையும் பாதியாக்காட்டி கணக்கு வெடிச்சுப்போம் (இதை 1928 இலேயே கூரன்ட், ஃப்ரீட்றிக்ஸ், லூவி எண்ட மூண்டு பேர் நிறுவினவை), ஆக மொத்தம் எட்டு மடங்கு வேலை, மேல் நோக்கியும் பிரிச்சா இன்னும் கூட.

இதுக்கு விஞ்ஞானிகள் எடுத்த வழி மிக நேர்மையான வழி எண்டுதான் நான் சொல்லுவன். ஒருக்கா மட்டும் ஓட்டாம, தொடக்கத்தைச் சின்னச் சின்னதா மாத்தி மாத்திப் பல தரம் ஓட்டிப் பார்க்கிறது. 1992 இல இருந்து இது நடைமுறையில இருக்கு, அந்த ஐரோப்பிய மையம் இப்ப 51 தரம் ஓட்டுது. 51 இல 36 ஓட்டத்தில மழை வந்தா சாத்தியம் கிட்டத்தட்ட 70 வீதம். அந்த 70 ஆரோ குத்துமதிப்பாச் சொன்ன எண் இல்லை, ரிச்சட்சன் தொடக்கம் லொரன்ஸ் வரைக்கும் பாடுபட்ட ஒரு நூற்றாண்டுக் கணக்கின்ர கடைசி வரி.

சரி, சனத்துக்கு வீதம் விளங்காது, ஆம் இல்லை எண்டு சொன்னாத்தான் விளங்கும் எண்டு ஒரு செய்திப்பிரிவில இருக்கிறவர் என்னட்டச் சொன்னார். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டன். வெல்லம்பிட்டியில ஒரு குடும்பம் எண்டு வைப்பம். பிரிட்ஜ், கட்டில், பிள்ளைகளின்ர புத்தகம் எல்லாத்தையும் ஆள் பிடிச்சு மேல ஏத்த 5,000 ரூபா, ஏத்தாம விட்டு வெள்ளம் வந்தா ஒரு லட்சம் நட்டம். 5,000 ஐ ஒரு லட்சத்தால பிரிச்சா 5 வீதம். வெள்ளத்துக்கு 5 வீதத்துக்கு மேல சாத்தியம் இருந்தாலே அந்த வீட்டுக்கு ஏத்துறதுதான் லாபம். இப்ப புறக்கோட்டையில நடைபாதையில துணி விக்கிறவர் ஒருவர், கடையை விரிக்காம விட்டா 8,000 வருமானம் போகும், விரிச்சுப் பிறகு நனைஞ்சா அந்த வருமானம் வந்தாலும் 10,000 ரூபாச் சாமான் பழுதாப்போம், அவருக்கு மழைச் சாத்தியம் 80 வீதத்தைத் தாண்டினாத்தான் விரிக்காம விடுறது சரி. சாத்தியம் 30 வீதம் எண்டு வந்தா ரெண்டு பேரும் எதிரெதிரா முடிவெடுக்க வேணும், ரெண்டு முடிவும் சரி. நீங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஆமோ இல்லையோ சொல்லேக்க யாரோ ஒருத்தரின்ர முடிவை நீங்களே பிழையா எடுத்துக் குடுக்கிறீங்கள். வீதம் விளங்காது எண்டு சொல்லுற அதே சனம்தான் வட்டி வீதம் பார்த்து நகை அடகு வைக்குது, சீட்டுக் கட்டுது.

2010 நவம்பர் 10 இரவு கொழும்பில 440 மில்லிமீற்றர் கொட்டினது, பாராளுமன்றத்தைச் சுத்தித் தண்ணி. 2016 மேயில களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி மூழ்கினது. இப்பிடியான நாளுக்கு முதல் நாள் வாற வீதம் சின்னதாவும் இருக்கலாம், ஆனா அந்தச் சின்ன வீதம்தான் ஆக்களுக்கு ஆக முக்கியமானது. அதை "மழைக்குச் சாத்தியம் இல்லை" எண்டு சுருக்கினா என்ன ஆகும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே நான் கேக்கிறது பெரிய விசயமில்லை. திணைக்களத்தின்ர அறிக்கையில இடமும் நேரமும் கூடும் எண்டதும் இருந்தா அதைத் தலைப்பிலயே விடுங்கோ, ரெண்டு சொல்லுக் கூடினாப் பரவாயில்லை. சாத்தியம் வீதமாக் கிடைக்கிற நாளில வீதத்தைச் சொல்லுங்கோ, கிடைக்காட்டி கடமையில இருக்கிற வானிலையாளரிட்ட போன் போட்டுக் கேளுங்கோ, நீங்கள் கேக்கக் கேக்கத்தான் அவையும் தரத் தொடங்குவினம். புயல் நேரம் கணிச்ச பாதை மாறினா "கணிப்பு பொய்த்தது" எண்டு போடாம, புது அளவீடு வந்தபடியா மாறினது எண்டு போடுங்கோ, மாறாம விட்டாத்தான் பயப்பட வேணும்.

இன்னொண்டு, இதை நீங்கள் செய்தா நாட்டிலயே முன்மாதிரியா இருக்கும். நேற்றுச் சொன்னது என்ன, நடந்தது என்ன எண்டு அடுத்த நாள் ஒரு நிமிசம் ஒதுக்குங்கோ. காலமை 8.30 ஓட முடியிற 24 மணித்தியால மழைவீழ்ச்சி எப்பிடியும் வருது. அதை மதிப்பிடவும் 1950 இல கிளென் பிரையர் சொன்ன சின்னக் கணக்கு இருக்கு, சொன்ன சாத்தியத்துக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தின்ர வர்க்கம். 70 வீதம் எண்டு சொல்லி மழை பெய்தா 0.09, பெய்யாட்டி 0.49. "கட்டாயம் மழை" எண்டு அடிச்சுச் சொல்லிப் பெய்யாட்டி முழுசா 1. குறைஞ்ச எண்தான் நல்லது. ஒரு மாதம் கூட்டிச் சராசரி எடுத்தா ஆரின்ர கணிப்பை நம்பலாம் எண்டு சனத்துக்கே தெரியும், பேஸ்புக்கில சிவப்புப் படம் போட்டு நாளைக்குக் கொழும்பு தாழப்போகுது எண்டு கத்துற பக்கங்களையும் அதே தராசில போட்டுப் பார்க்கலாம்.

ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழை தொடங்க முதல் இதைத் தொடங்கினா நல்லம், அந்த ரெண்டு மாதத்திலயும் பின்னேர இடிமழை எல்லாரையும் ஏமாத்துறது. எந்தச் செய்திப்பிரிவு கூப்பிட்டாலும் ஒரு பின்னேரம் வந்து, இந்த 51 ஓட்டத்தையும் வீதத்தையும் எப்பிடி ரெண்டு வரியில வாசிக்கிறது எண்டு உங்கட அறிவிப்பாளர்மாரோட இருந்து எழுதித்தர நான் ரெடி, காசு ஒண்டும் வேண்டாம்.

அன்புடன்,
வெள்ளவத்தையில கணிதம் படிப்பிக்கிற ஒருவர்