கை உயர்த்திய இரவுக்கு அடுத்த வாரம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதரிகளுக்கு,

ஸ்தோத்திரம்.

பெண்கள் கூடுகையின் கடைசி இரவில் அர்ப்பணிப்பு நேரம் வரும். பாட்டு மெல்ல ஒலித்துக்கொண்டிருக்கும். "நாளை முதல் அதிகாலையில் ஒரு மணி நேரம் ஆண்டவருடைய பாதத்தில் அமருவேன் என்கிறவர்கள் கைகளை உயர்த்துங்கள்" என்பார்கள். உயர்த்துவோம், அழுவோம். அந்தக் கண்ணீரில் பொய் கிடையாது. அடுத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், வேலையிடத்தில் கணக்கு முடிக்கச் சொல்வார்கள், அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிப்போவோம். இரண்டு நாள் தவறியதும் மனம் குத்தும். குத்துகிற மனதோடு வேதாகமத்தைத் திறக்கக் கூச்சமாக இருக்கும். அப்புறம் அடுத்த கூடுகை வரை ஒன்றும் இருக்காது. இந்தச் சுழலில் அகப்பட்டிருக்கிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நமக்குப் பிரசங்கிக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. அது பின்னால் வருகிறது.

பிள்ளையில்லாதிருந்த அன்னாளை நாம் எப்போதும் சீலோ ஆலயத்தில் அழுது ஜெபிக்கிறவளாகவே நினைவில் வைத்திருக்கிறோம். உதடுகள் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியனான ஏலி நினைத்துவிடுகிறார். மகன் பிறந்தால் ஆண்டவருக்கே கொடுத்துவிடுவேன் என்ற பொருத்தனை அங்கே பண்ணியாயிற்று; பிறந்த சாமுவேலை அந்த ஆலயத்திலேயே விட்டும் வந்தாயிற்று. அதற்கு அடுத்த அதிகாரத்தில், 1 சாமுவேல் 2:19-இல், ஒரே ஒரு செய்தி வருகிறது: ஒவ்வொரு வருடமும் பலி செலுத்த வரும்போது அவள் சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்து வந்தாள். அந்த வசனத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிற பிள்ளைக்கு எந்த அளவில் துணி வெட்டுவது? போன வருடம் தோள் இவ்வளவு இருந்தது, இந்த வருடம் கை எத்தனை விரல் நீண்டிருக்கும் என்று அவள் மனக்கணக்குப் போட்டிருப்பாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஓரத்தில் கூடுதலாக விட்டு மடித்துத் தைத்திருப்பாள். வீட்டில் அவளுக்கு வேலை குறைவாகவும் இல்லை. 21-ஆம் வசனத்தின்படி சாமுவேலுக்குப் பிறகு மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தார்கள். ஒரு குழந்தை மடியில், ஒன்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற வருடங்களிலும் சட்டை தயாரானது.

அர்ப்பணிப்பு என்று கேட்டால் எனக்கு அந்தச் சட்டைதான் நினைவுக்கு வருகிறது. பொருத்தனை பண்ணிய நாளின் உருக்கம் ஒவ்வொரு வருடமும் அவளுக்கு இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். துணியை எடுத்தாள், தைத்தாள், கொண்டுபோனாள்.

மார்த்தாளுக்கு நாம் செய்துவரும் அநியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். லூக்கா 10-ஆம் அதிகாரத்தோடு அவள் கதையை மூடிவிடுகிறோம். சகோதரி மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, வேலை வேலை என்று ஓடியவள், ஆண்டவரிடம் பேச்சு வாங்கியவள். அவ்வளவுதான் நமக்கு மார்த்தாள். யோவான் 11-ஐயும் சேர்த்துப் படியுங்கள். அவர்கள் சகோதரன் லாசரு இறந்து நாலு நாள் ஆன பிறகு இயேசு வருகிறார். மரியாள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், மார்த்தாள்தான் எதிர்கொண்டு போகிறாள். "நீர் இங்கே இருந்திருந்தால்" என்று மனக்குறையை முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். அதே மூச்சில், 27-ஆம் வசனத்தில், நீரே தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறாள். பேதுருவின் அறிக்கையைப் போற்றுகிற நாம் இதை எத்தனை முறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்? எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பது. கல்லை எடுத்துப்போடுங்கள் என்று இயேசு சொன்னதும், இப்போது நாறுமே என்கிறாள்! அவ்வளவு பெரிய விசுவாச அறிக்கை செய்த வாயிலிருந்து, பன்னிரண்டே வசனங்களுக்குள், ஒரு குடும்பப் பெண்ணின் கவலை வந்துவிடுகிறது. இயேசு அவளுக்கு ஒரு வார்த்தை நினைவூட்டுகிறார், அவளைத் தள்ளிவிடவில்லை. அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் விருந்து நடக்கிறது. யோவான் 12:2 அவளைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: மார்த்தாள் பணிவிடை செய்தாள். அதே வேலையை மறுபடியும் செய்கிறாள். இந்த முறை முறையீடும் இல்லை, கண்டிப்பும் இல்லை.

பாத்திரம் துலக்கும்போதும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் செய்கிற ஜெபம் இரண்டாம் தரம் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு யோவான் 11-ஐ வாசித்துக் காட்டுங்கள். அதற்காக, தனியே உட்காருகிற நேரம் தேவையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மரியாள் தெரிந்துகொண்டது நல்ல பங்குதான். அந்த நேரத்தை வீட்டாரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். "இந்தப் பத்து நிமிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கணவரிடம் சொல்வதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

பத்து நிமிடம் போதுமா என்று கேட்பீர்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவன் கொடுத்த உணவான மன்னாவை அன்றன்றைக்குத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. மீதி வைத்தவர்களுக்குப் பூச்சி பிடித்து நாறியது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீந்ததுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைந்ததுமில்லை என்கிறது யாத்திராகமம் 16. கூடுகையில் மூன்று நாள் நிரப்பிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டலாம் என்கிற நம் கணக்கு அங்கேயே தோற்றுவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா மூன்று மணிக்கு எழுந்து ஜெபிக்கிறார் என்றால், அது அவர் கூடை. இன்னொன்று: கைப்பேசியில் காலையில் வந்த வசனப் படத்தைப் பத்து பேருக்கு அனுப்புவது வேத வாசிப்பு ஆகாது.

வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள் இருக்கின்றன. வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். ஜனவரியில் தொடங்குகிற பலர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள், நின்ற இடத்திலேயே வருடம் முழுவதும் வெட்கப்படுகிறார்கள். திட்டத்தை விடுங்கள், வாசிப்பை விடாதீர்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரங்கள்தான். நாளைக்கு முதல் அதிகாரத்தில் பாதி. நாளை மறுநாள் தவறிவிட்டால் அதற்கு அடுத்த நாள் மீதி. தவறிய நாளுக்கு வட்டி சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை.

ஜெபிக்க வார்த்தை வராத காலங்களும் உண்டு. அப்போது சங்கீதம் 88-ஐ எடுங்கள். ஆறுதலான ஒரு முடிவுகூட இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

சூசன்னா வெஸ்லியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டுச் சத்தத்துக்கு நடுவே மேலுடையைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு ஜெபித்தார் என்கிற கதையைப் பிரசங்கங்களில் விரும்பிச் சொல்வார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய கிழமைக் கணக்கு. 19 பிள்ளைகளைப் பெற்று, 9 பேரைக் கைக்குழந்தைகளாகவே பறிகொடுத்தவர். மிஞ்சிய பிள்ளைகளோடு வாரத்தில் ஒவ்வொரு மாலையும் முறைபோட்டுத் தனித்தனியே உட்கார்ந்து ஆத்துமாவைப் பற்றிப் பேசினார். வியாழக்கிழமை ஜானுக்கு. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்தபோதும், அந்த வியாழக்கிழமையில் ஒரு பங்கைத் தனக்கு ஒதுக்கும்படி மகன் கடிதத்தில் கேட்டார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிதான் அவர்.

இனி, நமக்குப் பிரசங்கிக்கிற போதகர்களுக்கும் ஊழியக்காரருக்கும்.

ஐயா, நீதிமொழிகள் 31-ஐ எங்கள் கையில் மதிப்பெண் பட்டியலாகக் கொடுக்காதீர்கள். அதில் 10-ஆம் வசனம் முதல் வருகிற குணசாலியான பெண்ணைப் பற்றிய பகுதி, எபிரெய அகரவரிசைப்படி அமைந்த 22 வசனங்களுள்ள ஒரு பாட்டு. அந்த அதிகாரம் தொடங்குவதே, லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் போதித்தது என்று. அப்படியானால் முதலில் இதைக் கேட்க வேண்டியவர்கள் ஆண்பிள்ளைகள். அந்தப் பெண்ணுக்கு வேலைக்காரிகள் இருந்ததாக 15-ஆம் வசனம் சொல்வதையும் விட்டுவிடாமல் வாசியுங்கள்.

அடிபட்ட முகத்தோடு ஒரு சகோதரி உங்களிடம் வந்தால், பொறுமையாயிரு, ஜெபி என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். அபிகாயில் தன் முரட்டுக் கணவன் நாபாலிடம் சொல்லாமலே, கோபத்தோடு வந்துகொண்டிருந்த தாவீதிடம் 200 அப்பங்களைக் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டாரின் உயிரைக் காப்பாற்றினாள். அவளை வேதம் புத்திசாலி என்கிறது. அந்தச் சகோதரிக்கு முதலில் பாதுகாப்பான இடமும், தேவைப்பட்டால் காவல் துறையின் உதவியும் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆண்கள் கூட்டம் என்றால் சபைச் சமையலறையில் நாங்கள்தான். பெண்கள் கூட்டம் என்றாலும் நாங்கள்தான். அடுத்த பெண்கள் கூடுகைக்குச் சமையலையும் சிறு பிள்ளைகளையும் சபையின் ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். அர்ப்பணிப்பு நேரத்தில் ஒரு மணி நேரம் கேட்காமல் பத்து நிமிடம் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து, அந்தப் பத்து நிமிடம் எப்படிப் போகிறது என்று ஒவ்வொருவரையும் ஒருவர் அன்பாக விசாரிக்க இப்போதே ஏற்பாடு செய்துவையுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்களில் ஒருத்தி