கேமராமேன் வேண்டாம், ஒளிப்பதிவாளர் என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்யாண வீடியோ தொழிலில் இருக்கும் பெண்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அருமையாக எழுதியிருந்தார்கள். ஆனால் தலைப்பில் 'பெண் கேமராமேன்கள்' என்று இருந்தது, அதே தொழிலில் இருக்கும் எனக்கு உறுத்தியது.

ஆசிரியர், ஓட்டுநர் மாதிரி ஒளிப்பதிவாளரும் இருபாலருக்கும் பொதுவான சொல். எங்கேயாவது அடிதடி நடந்தால் 'செய்தியாளர், ஒளிப்பதிவாளர் மீது தாக்குதல்' என்றுதானே செய்தி போடுகிறீர்கள்? கல்யாண மண்டபத்துக்கும் அதே சொல் போதும்.

சினிமாவுக்கான பெரிய சொல் அது என்று எங்கள் ஆட்களே சிலர் தயங்குகிறார்கள். சினிமாவில் ஒளியையும் கோணத்தையும் முடிவு செய்பவர் ஒளிப்பதிவாளர், பல படங்களில் கேமராவை இயக்க ஆபரேட்டர் தனியாக இருப்பார். எங்களுக்கு ஏது ஆபரேட்டர்? ஹோமப் புகையில் பெண்ணின் முகம் மங்காமல் லைட்டைத் திருப்பி வைப்பதும் நான்தான், தாலி ஏறும்போது மாமன், மச்சான் தோள்களுக்கு நடுவே கிம்பலை (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி) நுழைப்பதும் நான்தான். அந்தப் பெயர் எங்களுக்குத் தாராளமாகப் பொருந்தும்.

'சின்ன வீடு' (1985) படத்தின் பி.ஆர்.விஜயலட்சுமியை ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்பார்கள். முதல் ஆள் என்பதால் அங்கே 'பெண்' என்று சொல்லத்தான் வேண்டும். 'அபியும் நானும்' படத்துக்கு ப்ரீத்தா ஒளிப்பதிவு செய்தார் என்று எழுத அந்த அடைமொழி எதற்கு? 'கேமராவுமன்' என்று இன்னொன்றைக் கிளப்பவும் வேண்டாம்.

மண்டபத்து மைக்கில் 'கேமராமேன், கொஞ்சம் நகருங்க' என்பார்கள். சரி, அது பேச்சுப் பழக்கம், அதை நான் பொருட்படுத்துவதில்லை. அச்சில் வருவதுதான் கவலை. வரி விளம்பரத்தில் 'கேமராமேன் தேவை' என்று பார்த்துவிட்டு, என்னிடம் வேலை பழகும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவி, "அக்கா, பொண்ணுங்களை எடுப்பாங்களா?" என்று கேட்டாள். நன்றாகப் படம் பிடிக்கிற பெண் அவள், கடைசி வரை அந்த எண்ணுக்குப் போன் பண்ணவே இல்லை.

அதனால் செய்திப் பிரிவோடு விளம்பரப் பிரிவுக்கும் சொல்லுங்கள். 'கேமராமேன் தேவை' என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால், 'ஒளிப்பதிவாளர் என்று போடட்டுமா?' என்று அங்கிருப்பவர்கள் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு திருமண ஒளிப்பதிவாளர்,
திண்டுக்கல்.